நமக்காக வேஷம் கட்டுகிறார்கள்!

"நாடகமா? அதான் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி பத்து வரைக்கும் வரிசையா ஓடுதே! அதைப் பத்தியா எழுதப் போறீங்க, அக்கா?"

நாடகத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாமென்று இருக்கிறேன் என்று சொன்னதும் எதிர்வீட்டுப் பெண் கேட்ட கேள்வி இது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. 'நாடகம்' என்றால் இன்றைக்கு நம் வீடுகளில் அர்த்தமே வேறு. டெலிவிஷன் பெட்டிக்குள் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதுதான் நாடகம். நடுவில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். நாம் திரும்பி வருகிறவரை அவர்கள் முறைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்!

நான் சொல்ல வந்தது அந்த நாடகம் இல்லை. ரத்தமும் சதையுமாக ஒரு மனுஷர் நம் எதிரே வந்து நின்று, "நான்தான் கர்ணன்" என்கிறாரே, "நான்தான் சந்திரமதி" என்று கதறுகிறாரே, அந்த நாடகம். மேடை இருந்தாலும் சரி, தெருமண்ணே மேடையானாலும் சரி. நடிக்க ஒருத்தர் வேண்டும், பார்க்க ஒருத்தர் வேண்டும், இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் மூலதனம்.

"பாட்டு இருக்கிறது, கோலம் இருக்கிறது, தையல் இருக்கிறது. நாடகம் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? அது வெறும் பொழுதுபோக்குதானே?" என்று நீங்கள் கேட்கலாம். பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள்ளே வேறு ஒரு காரியமும் நடக்கிறது.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். நட்டுவைத்த இரண்டு கல்லின் மேல் குறுக்கே ஒரு கல் கிடக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி எடுத்துக்கொண்டு போகலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நட்டுவைப்பது நம் பக்கத்து வழக்கம். மனசில் இருக்கிற பாரத்துக்கு மனுஷ ஜாதி நட்டுவைத்த சுமைதாங்கி நாடகம் என்பது என் அபிப்பிராயம். அப்படி நான் நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. சொல்கிறேன், கேளுங்கள்.

யாரும் சொல்லித் தராத கலை

மூன்று வயசுக் குழந்தைக்குக் கோலம் போடக் கற்றுத்தர வேண்டும். பாட்டுச் சொல்லித்தர வேண்டும். நடிக்க மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டாம். கொட்டாங்கச்சியில் மண்ணை அள்ளிப் போட்டு, "சோறு ஆயிடுச்சு, கை கழுவிட்டு வாங்க" என்று அது நம்மைக் கூப்பிடும்போது, அப்படியே அம்மாவின் குரல்! கதவைக் கரும்பலகையாக்கிக்கொண்டு, கையில் குச்சியோடு, எதிரே இல்லாத நாற்பது பிள்ளைகளை அதட்டும்போது டீச்சரின் முழியும் முகமும் தானாக வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டு அழுத குழந்தை, வீட்டுக்கு வந்த மறுநாள் என்ன செய்கிறது என்று பாருங்கள். பொம்மையைக் குப்புறப் போட்டு, ஈர்க்குச்சியால் ஊசி போடும். "அழக் கூடாது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று டாக்டர் சொன்னதைப் பொம்மைக்குச் சொல்லும். பத்துத் தடவை, இருபது தடவை போடும். நேற்று ஊசி இன்னொருவர் கையில் இருந்தது. இன்றைக்குக் குழந்தையின் கையில் இருக்கிறது. பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு அடங்கிப் போகிறது. பேசத் தெரியாத துன்பத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு மனநல மருத்துவர்களே இன்று விளையாட்டு மூலமாகச் சிகிச்சை தருகிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் அது எத்தனையோ காலமாக இலவசமாக நடந்துகொண்டிருக்கிறது.

காந்திஜி சிறுபிள்ளையாக இருந்தபோது, அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாடகக் கம்பெனியின் 'அரிச்சந்திரா'வைப் பார்க்கப் போனார். பார்த்துவிட்டு வந்து, தனக்குத்தானே எண்ணற்ற தடவை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாகச் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். சத்தியத்தைப் பற்றி அவருக்கு யார் யாரோ உபதேசம் செய்திருப்பார்கள். ஆனாலும் அந்த அரிச்சந்திரன்தான் மனசில் ஒட்டிக்கொண்டான். காதில் விழுந்த உபதேசத்தைவிட, கண்ணெதிரே ஒருவர் பட்ட கஷ்டத்துக்குப் பலம் அதிகம்.

பதினாறாம் நாள் ராத்திரி

குழந்தைக்குப் பொம்மை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு? அதற்குத்தான் கூத்து.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலை, செஞ்சி வட்டாரங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால், 16-ஆம் நாள் காரியத்தை ஒட்டி, ராத்திரி முழுக்கக் 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பார்கள். கர்ணனுக்குக் கிடைத்த கதி இறந்தவருக்கும் கிடைக்கும் என்பது நம்பிக்கை. சாவு வீட்டில் கூத்தா என்று பட்டணத்துக்காரர்கள் மூக்கில் விரலை வைக்கலாம். நானும் அப்படித்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு அத்தை முறை ஆகவேண்டும் அவர். முப்பது வயசு மூத்த பிள்ளை சாலை விபத்தில் போய்விட்டான். செய்தி வந்த நேரத்திலிருந்து அத்தை அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போட்டார். ஊரிலிருந்து வந்த குழந்தைகளுக்குப் பாய் விரித்தார். யார் கட்டிக்கொண்டு அழுதாலும் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "அழுதுடணும்டி. உள்ளேயே வச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது" என்று கிழவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பதினைந்து நாள் இப்படியே போயிற்று.

ராத்திரி பத்து மணிக்குமேல் வீட்டு வாசலிலேயே கூத்து ஆரம்பித்தது. பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம். மேலே இரண்டு விளக்கு. சீன் கிடையாது, படுதா கிடையாது. வேஷக்காரர் வரும்போது மட்டும் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். முதலில் கட்டியக்காரன் வந்து கோமாளித்தனம் பண்ணினான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாவு வீட்டுப் பெண்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அழுவதற்கு முன்னால் மனசை இளக்க வேண்டும் என்று அந்தக் கலைக்குத் தெரிந்திருக்கிறது!

பிறகு கர்ணன் வந்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் விளக்கில் ஜொலித்தன. பதினேழாம் நாள் யுத்தத்துக்குப் போகிற கர்ணன், பெண்டாட்டி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று இத்தனை வருஷம் அவனை இளக்காரமாக நடத்தியவள் அவள். கடைசி ராத்திரியில்தான் அவன் யார் பிள்ளை என்று தெரிந்துகொள்கிறாள். அந்தக் கட்டம் முடியும்போதே கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அத்தை வாசல்படியில் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு மேல் கர்ணன் அம்பு பட்டு விழுந்தான். குந்தி வந்தாள். குந்தியாக நடித்தவர் ஐம்பது வயசு ஆண்பிள்ளை. அரிதாரத்தையும் மீறி முகவாயில் மழித்த தாடியின் பச்சை தெரிந்தது. அவர் கர்ணன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருந்தவரை 'என் பிள்ளை' என்று சொல்ல முடியாமல் போனவனை, ஊரறிய, உலகறிய, 'என் பிள்ளை' என்று சொல்லி மாரில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, என் ராஜா!"

அது மேடையிலிருந்து வந்த குரல் இல்லை. வாசல்படியிலிருந்து வந்தது.

பெண்கள் ஓடிப்போய் அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கவனித்தது குந்தியை. அத்தையின் குரல் அவர் காதில் விழுந்துவிட்டது. பாட்டை அவர் நிறுத்தவில்லை. லேசாக வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முடிக்க வேண்டிய அடியை இன்னொரு தடவை எடுத்தார். பிறகு இன்னொரு தடவை. முகவீணைக்காரரும் கூடவே போனார். அத்தை அழுது ஓய்கிறவரை அந்தப் பாட்டு ஓயவில்லை. சுற்றி இருந்த இருபது முப்பது பெண்களும் அழுதார்கள். யார் யாரை நினைத்து அழுதார்களோ!

விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேட்டி சட்டையில் அவர் வந்து நின்றார். பார்த்தால் யாரோ ஒரு சாதாரண விவசாயி. "யம்மா, ஒரு வாய் கஞ்சியாவது குடி. அழுதாச்சு இல்ல, இனிமே இறங்கும்" என்றார். அத்தை குடித்தார்.

சினிமாவில் நாம் அழுவதில்லையா? அழுகிறோம். ஆனால் திரையில் இருக்கிற அம்மாவுக்கு நாம் அழுவது தெரியாது. கொட்டகை காலியாக இருந்தாலும் அவள் அதே இடத்தில் அதே அழுகையைத்தான் அழுவாள். கூத்தில் வந்த குந்திக்கு அத்தை அழுதது தெரிந்தது. தெரிந்ததால் பாட்டு நீண்டது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நாடகத்தின் உயிரே இருக்கிறது. நம் சுமையை வாங்கிக்கொள்ள எதிரே ஓர் ஆள் இருக்கிறார்.

ஒரு வார்த்தை. துக்கத்துக்கு இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை. மாதக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் ஒருவர் ஒடுங்கிப் போனால், கட்டாயம் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். ஆனால் டாக்டரிடம் போகிற அளவுக்கு ஆகாமல், எத்தனையோ பெண்களை இந்த மாதிரி ராத்திரிகள் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கின்றன.

துரியோதனனுக்குத் துடைப்பம்!

துக்கம் ஒரு சுமையென்றால் கோபம் இன்னொரு சுமை. பெண்களுக்குக் கோபம் வரலாம், காட்டக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம்.

அதே வட்டாரங்களில் பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பல ஊர்களில் பதினெட்டு நாள்கூட நடப்பதுண்டு. அதில் துகில் உரிகிற ராத்திரி இருக்கிறதே, அன்றைக்குக் கூட்டம் அலைமோதும். துச்சாதனன் வேஷம் கட்டியவர் புடவையில் கை வைப்பதற்கு முன், கற்பூரம் ஏற்றித் திரௌபதியைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். "பிழைப்புக்காகக் கட்டின வேஷம் தாயே, பாவத்தை என்மேல் வைக்காதே" என்கிற மாதிரி. வேஷம் என்று தெரிந்தும் கை நடுங்குகிறது, பாருங்கள்!

அந்தச் சபையில் பாஞ்சாலி ஒரு கேள்வி கேட்கிறாள். தன்னையே முதலில் தோற்றுவிட்ட புருஷனுக்கு, அப்புறம் என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மரிலிருந்து துரோணர் வரை யாருக்கும் நேரான பதில் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பின்னால் பாயில் பெண்கள் உட்கார்ந்திருக்க, இந்தக் கேள்வி வருஷா வருஷம் அந்தத் தெருவில் உரக்கக் கேட்கப்படுகிறது. குடித்துவிட்டு வந்து தாலியை அடகு வைத்தவனின் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள்.

கடைசி நாள் படுகளம். களிமண்ணில் துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்த மாதிரி, ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாகச் செய்து வைத்திருப்பார்கள். வேஷக்காரர்கள் அதன்மேல் ஏறி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். சிவப்புச் சாயம் பீறிடும். துகில் உரிந்த நாளிலிருந்து விரித்துப் போட்டிருந்த கூந்தலைப் பாஞ்சாலி அள்ளி முடிவாள். சில ஊர்களில் பெண்கள் துடைப்பமும் முறமும் எடுத்து வந்து அந்த மண் துரியோதனனைச் சாத்து சாத்தென்று சாத்துவார்கள். அதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், உடம்பும் சிலிர்க்கும்.

மண் துரியோதனனை அடித்ததால் வீட்டுத் துரியோதனன் திருந்திவிடுவானா? மாட்டான். அந்த அளவுக்கு நான் ஏமாளி இல்லை. ஆனால் நடந்தது அநியாயம் என்று ஊரே கூடி நின்று சொல்கிறது. என் வீட்டில் நடப்பது எனக்கு மட்டும் எழுதின விதி இல்லை, இதற்கு அநியாயம் என்று ஒரு பேர் உண்டு என்று ஒரு பெண்ணுக்குத் தெரிகிறது. வாய் திறப்பதற்கு அதுதான் முதல் படி.

கூடி உட்கார்ந்து கோபப்படுகிற ஜனங்களைக் கண்டு வெள்ளைக்காரர்களும் பயந்தார்கள். நாடகங்களைத் தடுக்கவென்றே 1876-ல் தனிச் சட்டம் போட்டார்கள். நம் பக்கத்தில் விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில் வந்து தேசியப் பாட்டுப் பாடுவார். பாடியதற்காகப் பலமுறை சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில் மேடையில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வெறும் பொழுதுபோக்குக்கு யாராவது சட்டம் போடுவார்களா?

சீமையிலும் இதே சங்கதி

இது நம் ஊர் வழக்கம் மட்டும்தானா என்றால், இல்லை. கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்று ஓர் இடம். அஸ்க்லீபியஸ் என்ற வைத்தியக் கடவுளுக்கு அங்கே கோயில். தீராத வியாதிக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து அந்தக் கோயிலில் படுத்துத் தூங்குவார்களாம், கனவில் சுவாமி வந்து குணப்படுத்துவார் என்று. அந்த வைத்தியக் கோயிலோடு சேர்த்து, கி.மு. நான்காம் நூற்றாண்டில், ஒரு நாடக அரங்கம் கட்டினார்கள். ஏறத்தாழ 14,000 பேர் உட்காரலாம். மலைச்சரிவில் கல்படிகளோடு இன்றைக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைக்கிற மாதிரி, அவர்கள் நாடகத்தை வைத்தார்கள்!

இன்னொன்று கேளுங்கள். கி.மு. 480-ல் பாரசீகர்கள் படையெடுத்து வந்து ஏதென்ஸ் நகரத்தையே எரித்தார்கள். அதே வருஷம் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் அவர்களைத் தோற்கடித்தார்கள். எட்டு வருஷம் கழித்து, கி.மு. 472-ல், அதே ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் ஒரு நாடகம் போட்டார். 'பாரசீகர்கள்' என்று பெயர். முழுசாக நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களில் அதுதான் மிகப் பழையது. எழுதியவரே பாரசீகரை எதிர்த்துக் களத்தில் நின்றவர். வெற்றிக் கதையாக எழுதியிருக்கலாம். அவரோ பாரசீக அரண்மனையைக் காட்டினார். போருக்குப் போன பிள்ளையின் சேதிக்காகக் காத்திருக்கிற ராஜமாதாவைக் காட்டினார். செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தூதன் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

தங்கள் வீட்டை எரித்தவனைப் பெற்றவள் படுகிற பாட்டை ஏதென்ஸ்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த வருஷப் போட்டியில் முதல் பரிசும் கொடுத்தார்கள். எதிரிக்கும் ஒரு அம்மா உண்டு என்பதை வேறு எந்த வழியில் அவ்வளவு பேருக்கு ஒரே பகலில் புரியவைக்க முடியும்?

பெண் வேஷம் யாருக்கு?

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். குந்தியும் பாஞ்சாலியும் பாரசீக ராஜமாதாவும் பெண்கள். நடித்ததெல்லாம் ஆண்கள்! அழுகிற இடத்தில் பெண்ணுக்குப் பாய் போட்டார்கள். மேடையில் ஏறும்போது மட்டும் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில், படித்த கனவான்களே பெண் வேஷமும் கட்டினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் ஆரம்பித்த சபையில் சிறுவர்களே எல்லா வேஷமும். ஆறு வயசில் அங்கே சேர்ந்த டி.கே.சண்முகம், பின்னாளில் ஔவைப் பாட்டியாக நடித்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர் வாங்கினார். அவர்கள் கலையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பெண்ணே பெண்ணாக வந்து நின்றபோது அவளுக்கு என்ன கிடைத்தது?

கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களையே சேர்த்துக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்துக்காகவே ஸ்பெஷல் ரயில் விட்டார்கள் என்பார்கள். பெயர் ஊரெல்லாம் பரவியது. கடைசிக் காலமோ வறுமையில் போயிற்று. திருவையாற்றில் பிறந்த டி.பி.ராஜலட்சுமிக்குச் சின்ன வயசிலேயே கல்யாணம். அது நிலைக்கவில்லை. நாடகம்தான் சோறு போட்டது. 1931-ல் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகியானார். 1936-ல் 'மிஸ் கமலா'வைத் தாமே இயக்கினார்.

கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாளை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஜோடியாகப் பாடி, வாழ்க்கையிலும் ஜோடியான கிட்டப்பா 1933-ல் காலமானபோது அந்த அம்மாளுக்கு இருபத்தைந்து வயசு. வெள்ளைப் புடவைக்கு மாறினார். அந்தக் காலத்தில் அந்த நிலையில் இருந்த பெண்ணுக்கு வீட்டின் இருட்டு மூலைதான் ஒதுக்கியிருந்தார்கள். அவரோ 1935-ல் நந்தனாராக, ஆண் வேஷத்தில், திரையில் வந்து நின்றார். எந்தக் குரலை அடக்கி வைக்க வேண்டும் என்று ஊர் நினைத்ததோ, அந்தக் குரலுக்கு ஒரு வேஷம் வாசல் திறந்துவிட்டது. நாடகம் பார்க்கிறவருக்கு மட்டும் சுமைதாங்கி இல்லை, நடிக்கிறவருக்கும்தான்.

இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளியாக, பவளக்கொடியாக விடிய விடியப் பாடுகிற பெண்கள் இருக்கிறார்கள். ராத்திரி கை தட்டுகிற ஊர்தான், காலையில் பஸ் ஸ்டாண்டில் அவர்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில், பள்ளிப் படிப்போடு பெண்பிள்ளைகளும் கூத்துக் கற்றுக்கொண்டார்கள். கிரீடம் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை ராஜ வேஷத்தில் சுழன்று அடி வைப்பதைப் பார்த்தால், பாட்டி காலத்துப் பாக்கி கொஞ்சம் தீர்ந்த மாதிரி இருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருஷமும் திருவிழா இல்லை, கூத்து இல்லை. வருஷத்தில் சில மாத வருமானத்தை நம்பி இருந்த கலைஞர்கள் மூட்டை தூக்கவும் கட்டட வேலைக்கும் போனார்கள். திருவிழா திரும்பி வந்த பிறகும் பல ஊர்களில் கூத்துக்குப் பதில் இன்னிசைக் கச்சேரியே போதும் என்கிறார்கள். ராத்திரி முழுக்க நடந்தது மூன்று மணி நேரமாகச் சுருங்குகிறது. குந்தி வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டால், எந்த அத்தை எங்கே போய் அழுவாள்?

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். நம்மால் ஆனதைச் செய்யலாம்.

வீட்டில் குழந்தை பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு ராணியாக வந்து நின்றால், "அதை அழுக்காக்காதே" என்று பிடுங்காதீர்கள். கையிலிருக்கிற போனைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பிரஜையாக உட்காருங்கள். பார்க்க ஆள் இருந்தால்தான் அது நாடகம்.

நவராத்திரிக்குக் கொலு வைக்கிறோம். சுண்டலோடு சேர்த்து, ஒரு சாயங்காலம் பிள்ளைகளை ஒரு கதையை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பெண்ணுக்கு அர்ஜுனன், பையனுக்குச் சுபத்திரை என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அவரவர் கஷ்டம் அடுத்தவருக்குப் புரியும்!

உங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருவார்கள் இல்லையா? கொடுக்கும்போது, "இந்த வருஷம் கூத்து உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பெண்கள் கேட்டால் கமிட்டிக்காரர்கள் யோசிப்பார்கள். கலைஞர்களுக்குக் கட்டணத்தோடு, வேஷம் கட்ட மறைவான இடமும் வயிறாரச் சாப்பாடும் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கூத்து நடக்கிற ஊர் பக்கத்தில் இருந்தால், மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ராத்திரி போய்வாருங்கள். ஒரு பாய், ஒரு போர்வை, பிளாஸ்கில் காபி, இது போதும். தூக்கம் வருகிறதென்று நடுவில் மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள். குந்தி வருவது மூன்று மணிக்கு மேல்தான்!